கெட்டில் விற்ற நைஜல்

ஷோரூம் கதவைத் திறப்பதற்கு முன்பே நைஜல் டாங்க்ஸ் பின்முற்றத்துக்குப் போய், வாடிக்கையாளர் ஓட்டிப் பார்ப்பதற்கென்று அங்கே நிற்கிற ஸ்பிரிண்ட் காரின் இன்ஜினைப் போட்டுவிட்டு, புகைக்குழாய்க்குப் பின்னால் டீக் கோப்பையோடு நிற்பார். மழை பெய்தாலும் நிற்பார். இங்கிலாந்தில், பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் டட்லியில் மழை பெய்யாத காலை எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள். இரவெல்லாம் குளிரில் கிடந்த இன்ஜின் முதல் ஒரு நிமிடம் கரகரவென்று உறுமும். பிறகு தானாகவே அடங்கி முணுமுணுக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மனிதர் வீட்டில் டீ குடிக்காமல் வருகிறார். "மாமா முழிச்சிட்டாரு மார்ஜ் கண்ணு" என்று, இன்ஜினை ஏதோ வீட்டுப் பெரியவர் மாதிரி, உள்ளே வந்து எனக்குத் தகவல் சொல்வார். நான் கேட்டேனா?

மார்ஜ் நான்தான். அதே ஷோரூமில் சர்வீஸ் மேசையில் உட்காருகிறவள். எனக்குக் கார் என்றால் நாலு சக்கரம் இருக்க வேண்டும், மழை உள்ளே வரக் கூடாது, அவ்வளவுதான். நைஜலுக்கு அப்படியில்லை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தொப்பைக்கு மேல் பாதியிலேயே நின்றுவிடுகிற டை, கண்ணாடி மாதிரி துடைத்த ஷூ, கால்சட்டைப் பையில் எப்போதும் பன்றித்தோல் வறுவல் ஒரு பொட்டலம். பேரம் நடுவில் சிக்கினால் பொட்டலத்தை நீட்டி, "ஒண்ணு கடிங்க, யோசனை தானா வரும்" என்பார். வருகிறவர் பாதிரியாரோ போலீஸோ, யாராக இருந்தாலும் அவருக்குக் 'கண்ணு'தான். 'விற்றேன்' என்ற சொல்லே அவர் வாயில் வராது. "நான் எங்க கண்ணு விக்கிறேன்? சம்பந்தம் பேசி முடிக்கிறேன். மாப்பிள்ளைக்கு ஏத்த பொண்ணு."

அவர் மனதுக்குப் பிடித்த பெண் ஸ்பிரிண்ட். எங்கள் கம்பெனியின் குட்டிக் கார் ஒன்று உண்டு. ஐந்து கதவு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கும் ரொட்டி வாங்குவதற்கும் ஆனது. அதே உடம்புக்குள் இரண்டு பங்கு பலமான இன்ஜினைத் திணித்தால் அது ஸ்பிரிண்ட். வெளியே பெரிய வித்தியாசம் தெரியாது. சக்கரம் கொஞ்சம் அகலம், புகைக்குழாய் ஒன்றுக்குப் பதில் இரண்டு. "வாரம் பூரா சமத்துப் பொண்ணு. ஞாயித்துக்கிழமை மட்டும் பேய் புடிக்கும்" என்பது நைஜலின் விளக்கம். பணக்காரன் வாங்குகிற நீளமான காரின் ஓட்டத்தை, மளிகைச் சாமான் ஏற்றுகிற காரில், கொத்தனாரும் நர்ஸும் வாங்குகிற விலையில் தருகிற வண்டி. எங்கள் பக்கத்து ஆட்கள் அதற்காக உயிரை விடுவார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நூற்றுக்கணக்கான ஸ்பிரிண்ட்டுகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்த மனிதர் சொந்தமாக ஒன்றுகூட வைத்துக்கொண்டதில்லை. முதலில் பிள்ளைகள், பிறகு வீட்டுக்கடன், பிறகு அப்பாவின் முதுமை. ஞாயிற்றுக்கிழமைகளில் மரச்சாமான் கடைக்குப் பின்னால் இருக்கிற கார் நிறுத்துமிடத்தில் இந்த வண்டிப் பைத்தியங்கள் கூடுவார்கள். ஒருத்தன் பானெட்டைத் திறந்தால் பத்துப் பேர் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நைஜல் போவது மனைவி பெவ்வின் டீசல் வேனில். பெவ் நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டுகிற தொழில் செய்கிறாள். வேன் கதவைத் திறந்ததுமே ஈர நாய் வாடை குபீரென்று வரும். "டாங்க்ஸ் வந்துட்டான்யா, மூக்கைப் பொத்திக்கோ!" என்று கூட்டம் கத்தும். அவரும் சேர்ந்து சிரிப்பார். உள்ளுக்குள் என்ன ஓடும் என்று நான் கேட்டதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் புகைச் சட்டம் வந்து குறுக்கே நின்றது. ஒரு கம்பெனி ஒரு வருடத்தில் விற்கிற கார்களில் இவ்வளவு பங்கு மின்சாரக் காராக இருக்க வேண்டும், அந்தப் பங்கு வருடா வருடம் ஏறும், குறைந்தால் அபராதம். பெட்ரோல் கார் விற்பதையே குறிப்பிட்ட ஒரு வருடத்தோடு நிறுத்தப் போவதாகவும் சொன்னார்கள். எந்த வருடம்? அதைத்தான் முன்னால் இழுத்தார்கள், பின்னால் தள்ளினார்கள், மறுபடி முன்னால் இழுத்தார்கள். "ஆடுற பல்லு மாதிரி ஆடுது கண்ணு அந்தத் தேதி. விழவும் மாட்டேங்குது, நிக்கவும் மாட்டேங்குது" என்றார் நைஜல். நாக்கால் தன் பல் ஒன்றை நெருடிப் பார்த்துக்கொண்டார், பாவம்.

எங்கள் கம்பெனி முதலில் கைகழுவியது ஸ்பிரிண்ட்டைத்தான். விற்பது கொஞ்சம், கணக்கில் காட்டுகிற புகை அதிகம். இந்த வருடத்தோடு உற்பத்தி நிறுத்தம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. மிச்சமிருப்பதை ஷோரூம்களுக்குப் பங்கு போடுவார்கள். எங்களுக்கு ஒன்றே ஒன்று. அதுவும் சும்மா இல்லை. செப்டம்பர் முடிவதற்குள் எங்கள் பங்குக்கான மின்சாரக் கார்களை விற்றுக் காட்டினால்தான்.

மேலாளர் குர்தீப் சஹோட்டா கெட்டிக்காரர். நைஜலைவிட இருபது வயது இளையவர், அவரை 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுவார். அன்று சாயங்காலம் ஆசாமியை மடக்கினார்.

"அங்கிள், டார்கெட்டை முடிச்சுக் குடுங்க. அந்தக் கடைசி வண்டி உங்களுக்குத்தான். எவன் வந்து கேட்டாலும் தர மாட்டேன்."

"நிஜமாவா பாஸ்?"

"எங்கம்மா மேல சத்தியம்."

"உங்கம்மா போன மாசம் என்கிட்ட பெட்ரோல் வண்டிதான வாங்குனாங்க? அவங்கள கரண்ட் வண்டி வாங்கச் சொல்லியிருந்தா இப்ப ஒண்ணு கொறைஞ்சிருக்குமே!"

"அதை விடுங்க அங்கிள்" என்றார் குர்தீப், காதெல்லாம் சிவந்து.

அதுவரைக்கும் நைஜலிடம் யாராவது மின்சாரக் கார் பற்றிக் கேட்டால் அவர் டீ போட எழுந்து போய்விடுவார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் கெட்டில். "செவுத்துல சொருகினா சூடாகுறது கெட்டில்தான? அதுக்கு எதுக்குய்யா நாலு சக்கரம்?" இப்போது அந்தக் கெட்டிலை விற்றால்தான் ஸ்பிரிண்ட். புகையில்லாத காரை ஊர் முழுக்கத் தள்ளிவிட்டால்தான் புகை விடுகிற கார் அவருக்குக் கிடைக்கும். இதை எனக்கு அவர் மூன்று தடவை விளக்கினார். ஒவ்வொரு தடவையும் நடுவில் நிறுத்தி, "நான் சரியாத்தான சொல்றேன் கண்ணு?" என்று கேட்டார்.

ஆனால் இறங்கிய பிறகு மனிதரைப் பிடிக்க முடியவில்லை. மின்சாரக் காருக்கு எதிராக எத்தனை நொட்டை உண்டோ அத்தனையும் அவர் வாயிலிருந்தே இத்தனை நாளும் வந்தவைதான். அதனால் எவர் எதைச் சொன்னாலும் பதில் தயார். ஓய்வுபெற்ற டீச்சரிடம், "குளிர்ல பெட்ரோல் பங்க்ல போய் நிக்க வேணாம் கண்ணு. நீங்க தூங்கும்போது அதுவே வயித்தை ரொப்பிக்கும்" என்றார். ஆயில் பிசுக்கு, பெல்ட் அறுந்தது, ரேடியேட்டர் கொதித்தது என்று ஆயுசு முழுக்க அவஸ்தைப்பட்ட ஒருவரிடம், "இதுல அதெல்லாம் இல்லவே இல்லையே, எது உடையும் சொல்லுங்க?" என்று சவால் விட்டார். யாரிடம் பேசினாலும் தவறாமல் ஒன்று கேட்பார்: "வாசல்ல எத்தனை வண்டி நிக்கும் கண்ணு?" வீட்டு வாசலில் நிறுத்த இடம் இல்லாதவர்களுக்கு விற்க மாட்டார். நடைபாதைக்குக் குறுக்கே ஒயரை இழுத்தால் யாராவது தடுக்கி விழுவார்கள், கவுன்சில் ஆள் வந்து நிற்பான், காரை வாங்கினவன் நம்மைத் திட்டுவான். அதில் அவர் கண்டிப்பு. ஜூலையில் இந்தப் பக்கத்து ஷோரூம்கள் எல்லாவற்றிலும் அதிகக் கெட்டில் விற்றவர் நைஜல் டாங்க்ஸ். குர்தீப் கேக் வாங்கி வந்தார். நைஜல் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பின்முற்றத்துக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு விஷயம் தெரியாமல் இருக்குமா? கிண்டல் பண்ணவே ஒருத்தன் வந்தான். ஸ்பிரிண்ட்டின் படத்தைத் தோளில் பச்சை குத்தியவன். "அந்தக் கெட்டிலை ஒரு ரவுண்டு குடு, எங்க ஆளுங்ககிட்ட போய்ச் சொல்லிச் சிரிக்கணும்" என்றான். நைஜல் பக்கத்தில் உட்கார்ந்து போனார். மேட்டு சிக்னலில் பச்சை விழுந்ததும் அவன் காலை முழுசாக அழுத்தியிருக்கிறான். திரும்பி வந்தபோது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கழுத்தைத் தேய்த்துக்கொண்டே காரைச் சுற்றி வந்தான். அடுத்த வாரம் தன் ஸ்பிரிண்ட்டைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு போனான். கணக்கில் நைஜலுக்கு ஒன்று கூடியது. அந்த ஞாயிறு கூட்டத்துக்குப் போனவரை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்க ஆளையே கெட்டில்காரனா மாத்திட்டியே! நீ எந்தக் கட்சிய்யா?"

"எனக்கே ஒண்ணும் ஓடலப்பா" என்றார் நைஜல். அவர்கள் அதையும் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்களாம். திங்கட்கிழமை என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்தக் கூட்டத்தில் நாற்பது வயது தாண்டிய பழைய குட்டிக் கார் ஒன்று உண்டு. நின்றால் நீலப் புகை, நகர்ந்தால் கறுப்புப் புகை. புகை அதிகம் விடுகிற வண்டி பர்மிங்ஹாம் நகரத்துக்குள் நுழைந்தால் நாளுக்கு இவ்வளவு என்று காசு கட்ட வேண்டும், அது மட்டும் இலவசமாகப் போகலாம். நாற்பது ஆனால் புராதனச் சின்னம் என்று விட்டுவிடுகிறார்கள். பெவ்வின் டீசல் வேன் அதன் பக்கத்தில் தேவதை. ஆனால் வேன் உள்ளே நுழைந்தால் ஒவ்வொரு நாளும் தண்டம் அழ வேண்டும். "அப்ப என் வேன் கெழவியாகுற வரைக்கும் காத்திருக்கணுமா?" என்று பெவ் கேட்டதற்கு, சட்டம் தெரிந்த மாதிரி பதில் சொல்லப் போன நைஜல் பாதியில் குழம்பி நிறுத்திவிட்டார்.

எல்லாவற்றையும் விட அவரைச் சாய்த்தது எங்கள் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் எரோல் சொன்ன ஒரு விஷயம். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, எரோல் பின்முற்றத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். நைஜல் தம் டீயோடு நின்றார். ஸ்பிரிண்ட் உறுமியது, அடங்கியது.

"கேட்டியா எரோல்? மாமா முழிச்சிட்டாரு. கரண்ட் வண்டி எத்தனை வேகம் வேணா போகட்டும், இந்த ஒரு சத்தம் அதுக்கு வருமா?"

"அது மாமா முழிக்கிற சத்தம் இல்ல மாப்ள" என்றார் எரோல். "புகை வடிகட்டி சூடேறுற சத்தம். குளுந்து கெடந்தா அது வேலை செய்யாது. அதைச் சீக்கிரம் சூடு பண்ணணும்னு இன்ஜினைக் கொஞ்ச நேரம் வேகமா ஓட விடுறாங்க. புகைச் சட்டத்துக்காகப் பண்ணது."

"எது? அந்த மொத நிமிஷமா?"

"அதேதான். சட்டம் இல்லேன்னா அது பாட்டுக்கு மெதுவா எந்திரிச்சிருக்கும்."

நைஜல் கோப்பையைக் கீழே வைத்தார். "ஓட்டும்போது ஸ்பிரிண்ட்டுக்குள்ள கேக்குற உறுமல் ஸ்பீக்கர் சத்தம்னு எனக்குத் தெரியும்யா. நானே சொல்லித்தான் விக்கிறேன். கியர் குச்சிய எடுத்துட்டாங்க, கிளட்சை எடுத்துட்டாங்க, எல்லாம் தெரியும். இது ஒண்ணுதான் நிஜம்னு நெனச்சேன்."

"நிஜம்தான் மாப்ள. சட்டத்தோட நிஜம்" என்று எரோல் சிகரெட்டை நசுக்கிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அது வெறும் தகவல். நைஜல் ஒரு வாரம் அதை நம்பவில்லை. யார் யாரையோ கேட்டார். பிறகு என் மேசைக்கு வந்து, "எரோல் சொன்னது வாஸ்தவம்தான் கண்ணு" என்று சொல்லிவிட்டு, வறுவல் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். நான் ஒன்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலையிலும் அவர் டீயோடு பின்முற்றத்துக்குப் போனார். "என்ன, சட்டத்தைக் கேக்கப் போறியா?" என்று நான் வம்புக்கு இழுத்தேன். "வாயை மூடு மார்ஜ்" என்றார். 'கண்ணு' சேர்க்காமல் அவர் என்னிடம் பேசியது அன்றைக்கு ஒருநாள்தான்.

செப்டம்பர் கடைசி நாள். கணக்கில் ஒன்றே ஒன்று குறைந்தது. வருவதாகச் சொல்லியிருந்த இளம் தம்பதி மத்தியானம் போன் செய்து, குழந்தை பிறந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். குர்தீப் தன் கண்ணாடி அறைக்குள் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நைஜல் ஏற்கெனவே பளபளக்கிற ஷூவைத் துடைத்தார். இத்தனை நாள் அந்த மனிதரைக் கிண்டல் செய்தேனே தவிர, அந்த வண்டி அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று நானும் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கதவு திறந்தது. "வாங்க கண்ணு, என்ன பாக்குறீங்க?" என்று நைஜல் பழக்க தோஷத்தில் எழுந்தார். வந்தது பெவ். ஏப்ரன் முழுக்க வெள்ளை நாய் முடி.

"பெவ்! யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. கார் வாங்க வந்திருக்கேன். கரண்ட் காரு. வித்துக் காட்டு."

"வெளையாடாத."

"வெளையாடுறதுக்கு அங்க ஒரு நாயை ஈரத்தோட விட்டுட்டு ஓடி வருவேனா? பர்மிங்ஹாம் உள்ள போனாலே என் வேனைப் புடிச்சுக் காசு புடுங்குறாங்க. டீசல் வாங்கு, டீசல்தான் நல்லதுன்னு அன்னிக்குச் சொன்னதும் கவர்மெண்ட்டுதான். சரி, மாத்திக்கறேன். ஊருக்கெல்லாம் விக்கிற மாதிரி எனக்கும் வில்லு. பொண்டாட்டின்னு பாக்காத."

எரோல் ஏதோ சாவி தேடுகிற மாதிரி உள்ளே வந்து நின்றுகொண்டார். குர்தீப் தன் அறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தார். நைஜல் டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார். முதலில் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாட நிறுத்திய பிள்ளை மாதிரி திணறினார். போகப் போகச் சூடு பிடித்தது.

"ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம்?" சொன்னார். "குளிர் காலத்துல?" மற்றவர்களிடம் 'கொஞ்சம் குறையும்' என்பார். பெவ்விடம், "நல்லாவே குறையும்" என்றார்.

"பின்னாடி பெரிய நாய்க்கூண்டு ரெண்டு போகுமா?"

"போகும். அளந்து பாத்துட்டேன்."

"எப்ப அளந்த?"

நைஜல் தரையைப் பார்த்தார். "ஜூலையில."

"ஜூலையிலயே அளந்துட்டு ஏன்யா வாயைத் தொறக்கல?"

"உன்கிட்ட எப்படி பெவ் விக்கிறது? என் வண்டிக்காக உன் வேனைப் புடுங்குன மாதிரி ஆயிடும்ல?"

பெவ் ஏப்ரனிலிருந்து ஒரு முடியை எடுத்துக் கீழே போட்டாள், எங்கள் புதுக் கம்பளத்தில். "சரி. கடைசியா ஒண்ணு கேக்குறேன். இது நல்ல வண்டியா?"

"நல்ல வண்டி."

"அந்த ஸ்பிரிண்ட்டை விட நல்லதா?"

"எதைப் பாத்தாலும் இதுதான் நல்லது. வேகமும் இதுதான். செலவும் கம்மி. புகையும் இல்ல."

"அப்புறம் நீ ஏன் அதுக்கு நாயா அலையுற?"

வாயால் பிழைக்கிற நைஜல் டையைத் தளர்த்தினார். "தெரியல பெவ். சத்தியமா தெரியல. எனக்கு ஒண்ணும் ஓடல. இதைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. அதுல இப்ப சத்தம்கூட நிஜமில்ல. ஆனா எனக்கு அது வேணும். ரொம்ப நாளா வேணும்."

"அப்பாடா!" என்றாள் பெவ். "கல்யாணம் ஆனதுலேருந்து உன் வாயிலேருந்து 'எனக்கு வேணும்'னு ஒரு வார்த்தை வருமான்னு பாத்துக்கிட்டிருந்தேன். இந்தா, பேனாவைக் குடு. நான் எனக்காகவா வாங்குறேன்? உனக்காகத்தான்யா. நாய்ங்களுக்கெல்லாம் சட்டுன்னு புரியுது, உனக்குத்தான் புரிய மாட்டேங்குது."

எரோல் கைதட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன்? குர்தீப் ஓடி வந்து பெவ்வுக்குக் கைகொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டே வழக்கமாகக் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"சார்ஜர் மாட்டணும்ல ஆன்ட்டி? உங்க வாசல்ல எத்தனை வண்டி நிக்கும்?"

"ஒண்ணு" என்றாள் பெவ்.

கோடை முழுக்க வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்ட மனிதர் தன் வீட்டை நினைத்துப் பார்க்கவே இல்லை. கெட்டில் வாசலில்தான் நின்றாக வேண்டும், தெருவில் நின்றால் ஒயர் எட்டாது. ஸ்பிரிண்ட்டைத் தெருவில் நிறுத்தினால் எங்கள் ஊரில் ஒரு வாரம் தங்காது. சாவியே இல்லாமல் தள்ளிக்கொண்டு போகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதைத் தெருவில் வைத்தால் இன்ஷூரன்ஸ்காரனும் கையை விரிப்பான்.

"அப்ப ஸ்பிரிண்ட் எங்க நிக்கும்?" என்று எரோல் கேட்டேவிட்டார்.

"புல்லைப் பேத்துட்டுக் கல்லு பாவ வேண்டியதுதான்" என்றாள் பெவ். "ரெண்டும் நிக்கும்."

"உன் ஹைட்ராஞ்சியா செடி அங்கதான இருக்கு?" என்றார் நைஜல். "நாலு வருஷமா பூக்காம அழிச்சாட்டியம் பண்ணி இந்தக் கோடையிலதான பூத்துச்சு!"

"என் தங்கச்சி வீட்டுல வெச்சுக்கலாம். நீ கையெழுத்துப் போடு."

காற்றைச் சுத்தம் செய்ய வந்த சட்டத்தால் எங்கள் தெருக்களில் இன்னொரு வீட்டு வாசலின் பச்சை போய்க் கல் வரப் போகிறது. இதில் யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. நைஜல் ஸ்பிரிண்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டார். மகிழ்ச்சியா துக்கமா என்று தெரியாத ஒரு முகத்தோடு பொட்டலத்தை எல்லோருக்கும் நீட்டினார்.

அக்டோபரில் ஸ்பிரிண்ட் வந்து சேர்ந்தது. அடர் நீலம். அந்தச் சனிக்கிழமை என் நாய் புட்டிங்குக்கு முடி வெட்ட பெவ் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் கெட்டில் சுவரில் சொருகப்பட்டு நின்றது. பக்கத்தில் புல்லெல்லாம் பெயர்ந்து மண் கிடந்தது. எரோல் முட்டி போட்டுக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார், கூலி ரெண்டு பீர் என்று பேச்சாம். ஸ்பிரிண்ட் தெருவோரம் நின்றது. நைஜல், டை கட்டாமல், முழங்கை வரை சேற்றோடு, பெவ்வின் தங்கை வீட்டுக்குப் போகிற செடியை வேர்மண் உதிராமல் ஈரச் சாக்கில் கட்டிக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வந்தார். அதில் கடைசியாக மிஞ்சிய பூங்கொத்து ஒன்று இருந்தது.

"டிக்கியில போடு மாப்ள" என்றார் எரோல்.

"படுக்க வெச்சா பூ நசுங்கிடும்யா."

முன்சீட்டில் செய்தித்தாள் விரித்துச் செடியை உட்கார வைத்தார். தானும் ஏறி இன்ஜினைப் போட்டார். உறுமியது. மெல்ல நகர்த்தினார். ரெண்டு வீடு தாண்டுவதற்குள் வண்டி டிங் டிங் என்று கத்த ஆரம்பித்தது. நின்றுவிட்டார். ஜன்னலை இறக்கி, "என்னய்யா கொறை இதுக்கு?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"பக்கத்துல ஆள் உக்காந்திருக்கு, பெல்ட் போடலைன்னு கத்துது!" என்று எரோல் கல்லின் மேல் உட்கார்ந்து சிரித்தார். "அந்த வண்டியில செடிக்கும் சட்டம் உண்டு மாப்ள!"

நைஜல் சிரிக்கவில்லை. இறங்கி, பானெட்டைச் சுற்றி அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்தார். பெல்ட்டை இழுத்துச் சாக்கைச் சுற்றிக் கொண்டுவந்து மாட்டினார். சத்தம் நின்றது. பூங்கொத்து பெல்ட்டுக்கு அடியில் சிக்கியிருந்தது. சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இரண்டு விரலால் அதை மெதுவாக வெளியே எடுத்து பெல்ட்டின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, கதவைச் சாத்தினார்.